டர்போ அழுத்தும் காற்று ஏன் சுடுகிறது?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: “என் பழைய பொலேரோ பிக்கப், மூட்டைகளோடு திம்பம் மலைப்பாதையில் திணறுகிறது. டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் பாகம்) உண்டு, இன்டர்கூலர் (அந்தக் காற்றைக் குளிர்விக்கும் பெட்டி) இல்லை. டீசலைக் கூட்டி வைத்தால் இழுக்கும் என்கிறார் மெக்கானிக். குறைந்த செலவில் என்ன செய்யலாம்?”

டீசலைக் கூட்டினால் கொஞ்சம் இழுக்கும், நிறையப் புகைக்கும். ஒரு கிராம் டீசல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று வேண்டும். காற்று போதாமல் மிஞ்சும் டீசல் கரியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. கரும்புகைதான் எஞ்சினின் பலம் என்று நம்பும் ஓட்டுநர்கள் இன்னும் இருக்கிறார்கள்; அது அவர்கள் பெட்ரோல் பங்க்கில் எண்ணிக் கொடுத்த பணம்.

ஆகவே முதல் செலவு பராமரிப்புக்குத்தான். ஏர் ஃபில்டர், டீசலைப் பீய்ச்சும் நாசிலின் சோதனை, வால்வு இடைவெளி, டர்போ ஹோஸ்களில் கசிவு. பல வண்டிகள் இதிலேயே தேறிவிடும். டீசல் குழாயில் காந்தம் கட்டினால் மைலேஜ் கூடும் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எலுமிச்சையும் மிளகாயும் கட்டுவதையாவது சில ரூபாயில் முடித்துக்கொள்ளலாம்.

அடுத்ததாக, எனக்கு மிகப் பிடித்த பாகம்: இன்டர்கூலர்.

புகைக்காற்றின் வேகத்தால் சுழலும் டர்போவின் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் போகும். அதன் இதழ்கள் காற்று மூலக்கூறுகளை முன்னோக்கி மோதித் தள்ளுகின்றன. எதிரே வீசி வரும் மட்டையில் பட்ட பந்து வந்ததைவிட வேகமாகத் திரும்புகிறதல்லவா, மூலக்கூறுகளுக்கும் அதே கதிதான். மூலக்கூறுகளின் வேகம் கூடுவதைத்தான் வெப்பநிலை உயர்வு என்கிறோம். காற்றை அழுத்தும்போது அதைச் சூடாக்காமல் இருக்க எந்த டர்போவாலும் முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி செல்சியஸ் காற்றை இரு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால், குறையே இல்லாத டர்போவில்கூட அது 96 டிகிரி ஆகிவிடும். 70 சதவீதத் திறனுள்ள டர்போவில் சுமார் 125 டிகிரி. சூடான காற்று விரியத் துடிப்பதால் அழுத்தம் இரட்டித்தும் அடர்த்தி ஒன்றரை மடங்கோடு நின்றுவிடுகிறது. பாதி உழைப்பு வீண்! அதே காற்றை எஞ்சினுக்குள் விடுமுன் 60 டிகிரிக்குக் குளிர்வித்தால் அடர்த்தி 1.8 மடங்கை எட்டும். அதாவது, அதே டர்போவில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் காற்று. குழாய்களில் கொஞ்சம் அழுத்தம் இழந்தாலும் மிச்சம் லாபமே. இத்தனையையும் செய்வது அசையும் பாகம் எதுவுமில்லாத ஓர் அலுமினியப் பெட்டி. வண்டி ஓடும்போது முகத்தில் அடிக்கும் காற்றே அதற்குப் போதும்.

காற்று கூடிய பிறகு பம்பில் டீசலைச் சற்றே கூட்டலாம், புகை தெரியாத அளவுக்கு மட்டும். பிஸ்டனும் அதிகம் சூடாகாது. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்வதால்தான் பட்டறைகளில் இத்தனை பிஸ்டன்கள் உருகுகின்றன என்பது என் கட்சி.

இன்டர்கூலரைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடலாம். ரேடியேட்டரை முழுதாக மறைக்காத அளவாகப் பாருங்கள். மறைத்தால் மலையேற்றத்தில் எஞ்சின் கொதிக்கும். பழைய டர்போ கக்கிய எண்ணெயும் உலோகத் துகளும் உள்ளே தங்கியிருக்கும், மண்ணெண்ணெய் விட்டு நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். பிறகு ஒரு வாயை அடைத்து, மறு வாயில் லேசாகக் காற்று ஏற்றித் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் வேறொன்றைத் தேடுங்கள்.