குடியை நிறுத்திய மூன்றாம் நாள்

டாஸ்மாக் திறப்பது பகல் 12 மணிக்கு. தினமும் குவார்ட்டர் போடுகிறவருக்கோ விடியற்காலையிலேயே கை நடுங்கும். டீ கிளாஸைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். 42.8 சதவீதச் சரக்கு என்றால் 180 மில்லியில் ஏறக்குறைய 60 கிராம் ஆல்கஹால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் எரிக்கும். ராத்திரி ஒன்பதுக்கு உள்ளே போனது, விடிவதற்குள் ரத்தத்திலிருந்து வடிந்துவிடுகிறது. நடுக்கம் அங்கேதான் தொடங்குகிறது.

மூளையை அடக்கிவைப்பது காபா என்ற ரசாயனம், கிளப்பிவிடுவது குளூட்டமேட். ஆல்கஹால் காபாவோடு சேர்ந்து, குளூட்டமேட்டுக்கு எதிராக வடம் இழுக்கும். மாதக்கணக்கில் இது நடந்தால் மூளையும் சும்மா இருக்காது, குளூட்டமேட் பக்கம் ஆள் சேர்க்கும். கட்டிங் பத்தாமல் குவார்ட்டர், அப்புறம் ஆஃப் என்று அளவு ஏறுவது இதனால்தான். குடியைச் சட்டென்று நிறுத்தினால் ஒரு பக்கம் வடத்தை விட்ட மாதிரி, எதிர்ப்பக்கம் நிலைகுலைந்து மூளை தறிகெட்டுக் கிளம்பும்.

முதல் 6–8 மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, வாந்தி. 12 முதல் 48 மணிக்குள் வலிப்பு வரலாம். சிலருக்கு மூன்றாம் நாளையொட்டி டெலிரியம் என்ற மனக்குழப்பம்: கால் உடைந்து வார்டில் கிடப்பவர் திடீரென்று டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, போர்வையில் இல்லாத எறும்பைப் பொறுக்குவார். வீட்டார் காத்து கருப்பு என்பார்கள். குடிப்பழக்கத்தை வெட்கப்பட்டு டாக்டரிடம் மறைத்திருப்பார்கள். கவனிக்காமல் விட்டால் உயிரே போகும். மாலை போடுவதும் கோயிலில் கயிறு கட்டுவதும் நல்லதுதான். தினமும் நிறையக் குடிப்பவர் மட்டும் குடியை நிறுத்தும் தேதியை டாக்டரைக் கேட்டுக் குறிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் குளோர்டயசெபாக்சைடு போன்ற மாத்திரையைக் கொடுத்து, சுமார் ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். கல்லீரல் கெட்டிருந்தால் லோராசெபம். தையமின் என்ற பி1 ஊசி கட்டாயம். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: தெருமுனை கிளினிக்கில் "ஒரு குளூக்கோஸ் ஏத்துங்க சார்" என்பார்கள். தையமின் இல்லாமல் குளூக்கோஸ் மட்டும் ஏறினால், உடம்பில் மிச்சமிருக்கும் கொஞ்சத் தையமினும் செலவாகி, பார்வை அலைபாயும், நடை தள்ளாடும், ஞாபகம் நிரந்தரமாகவே அழியலாம்.

நடுக்கம் அடங்கினாலும் ஆசை அடங்காது. அதற்கு நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் மாத்திரைகள். கூடவே மாதக்கணக்கில் கவுன்சிலிங். டைசல்பிராம் வேறு ரகம்: அதன்மேல் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். சாம்பாரில் ரகசியமாகக் கலந்து கொடுப்பது கொலைக்குச் சமம்.

1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் சிகிச்சை கிடைக்கும். சென்னை இந்திரா நகரில் டிடிகே மருத்துவமனை இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசலாம். வலிப்போ பிதற்றலோ வந்தால் நேரே 108. சேர்க்கும்போது கடைசியாகக் குடித்த நேரம், தினசரி அளவு, முன்பு வலிப்பு வந்ததா என்ற மூன்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை டாக்டர் அதை வைத்துத்தான் போடுவார்.