அப்பா ஏன் காமெடிக்குச் சிரிப்பதில்லை?

“இவர் இப்பல்லாம் சிரிக்கிறதே இல்லைங்க மேடம்.”

என் அறைக்குள் வந்து உட்கார்ந்ததும் அந்த அம்மா சொன்ன முதல் வார்த்தை இதுதான். பக்கத்தில் கணவர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வயது 68. ஒரு காலத்தில் காமெடிக் காட்சிகளை வீட்டில் நடித்தே காட்டுவாராம். இரண்டு வருடமாக டிவியில் காமெடி ஓடினால் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்கள் சிரித்தால் அவர்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தானும் லேசாகச் சிரிக்கிறார். பேரன் விண்வெளிப் படம் ஏதாவது போட்டால் பத்தே நிமிடத்தில் “ஒண்ணும் புரியல” என்று எழுந்து போய்விடுகிறார். ஆனால் சாயங்கால சீரியலை மட்டும் ஒரு நாள் விடாமல் பார்க்கிறார், மறுநாள் கதையும் சொல்கிறார். அதனால் காது நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் சரியில்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். மறதி நோயின் ஆரம்பமோ என்றுகூட ஒரு உறவினர் பயமுறுத்தியிருக்கிறார்.

நான் திருச்சியில் 18 வருடமாக ஆடியாலஜிஸ்ட்டாக, அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவராக, இருக்கிறேன். “எனக்குக் காது கேட்கல” என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் குறைவு. “டிவி சத்தம் தாங்கல”, “கூப்பிட்டா திரும்புறதே இல்ல”, “முன்ன மாதிரி கலகலப்பா இல்ல” என்று வீட்டுக்காரர்கள் சொல்லித்தான் பெரும்பாலும் தெரியவருகிறது. அதிலும் இந்த அம்மா சொன்னது எனக்கு மிக முக்கியமான தகவல். சீரியல் புரிகிறது, காமெடியும் அறிவியல் புனைகதையும் புரியவில்லை என்றால் நான் முதலில் காதைத்தான் சந்தேகப்படுவேன்.

சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுத்தேன். ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்கிறது என்று காட்டும் வரைபடம் அது. ஹெர்ட்ஸ் என்பது அதிர்வெண், அதாவது ஒலியின் சுருதி; டெசிபல் என்பது சத்தத்தின் அளவு. 500 ஹெர்ட்ஸில் இரண்டு காதும் 20 டெசிபலிலேயே கேட்டன, அது இயல்பு. 2000-க்கு வந்தபோது 45 தேவைப்பட்டது. 4000 ஹெர்ட்ஸில் 65. வரைபடத்தில் கோடு மலைச்சரிவு மாதிரி இறங்கியது. வயதோடு வரும் செவிக்குறை பெரும்பாலும் இப்படித்தான் இறங்கும்.

இதற்கு என்ன அர்த்தம்? நம் பேச்சில் ஆ, ஓ, உ போன்ற உயிரொலிகள் பலமானவை, தாழ்ந்த அதிர்வெண்ணில் இருப்பவை. ச், த், க், ப் ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் மெல்லியவை, பெரும்பாலும் மேல் அதிர்வெண்ணில் இருப்பவை. சாருக்கு முதல் வகை நன்றாகக் கேட்கிறது. ஆகவே பேசுகிறார்கள் என்பது தெரிகிறது, யார் பேசுகிறார் என்பதும் தெரிகிறது. என் வாயை மறைத்துக்கொண்டு “பட்டு” என்றேன், “கட்டு” என்றார். “தட்டு” என்றேன், “பட்டு” என்றார். பதில் சொல்வதில் துளியும் தயக்கம் இல்லை. தவறாகக் கேட்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

அப்புறம் சீரியல் எப்படிப் புரிந்தது? மூளை யூகித்து நிரப்பிவிடுகிறது. “இந்த வீட்ல எனக்கு ஒரு…” என்று மாமியார் பாத்திரம் ஆரம்பித்தால், அடுத்த வார்த்தை “மரியாதை” என்பது பாதி காதில் விழுந்தாலே போதும். வாக்கியத்தின் கடைசி வார்த்தையை யூகிக்க முடிகிற வாக்கியங்கள், முடியாத வாக்கியங்கள் என்று இரண்டு வகை வைத்துக் கேட்கும் திறனைச் சோதிக்கும் முறை எங்கள் துறையில் 1977-லேயே வந்துவிட்டது. காது குறைந்தவர்கள் முதல் வகையில் சமாளித்துவிடுவார்கள், இரண்டாவதில் திணறுவார்கள்.

நகைச்சுவை முழுக்க அந்த இரண்டாவது வகைதான். நாம் எதிர்பார்க்காத வார்த்தை வந்து விழுவதால்தானே சிரிக்கிறோம்! ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) படத்துக்கு கிரேஸி மோகன் எழுதிய வசனங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையாக எடுத்துக்கொள்வதில்தான் பல சிரிப்புகள் இருக்கின்றன. ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். காது சரியாக இருக்கிறவர்களுக்கே இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் சில பிடிபடும். ஒரு மெய்யொலி தவறினால் முழு ஜோக்கும் போய்விடும், யூகிக்கவும் வழி கிடையாது.

அறிவியல் புனைகதையிலும் இதே சிக்கல், வேறு விதமாக. கிரகத்தின் பெயர், கருவியின் பெயர், வேற்றுலகவாசியின் பெயர் எல்லாமே புதிது. மூளையில் ஏற்கெனவே இல்லாத வார்த்தையை அது எதை வைத்து நிரப்பும்? காலப்பயணக் கதை என்றால் இன்னும் கஷ்டம். தமிழில் “போனான்”, “போவான்” இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஒலிதான் வித்தியாசம். வேறு படத்தில் அது போனால் போகட்டும். ‘இன்று நேற்று நாளை’ (2015) மாதிரி கால இயந்திரத்தை வைத்து நகரும் நகைச்சுவைப் படத்தில் அந்த ஒரு ஒலிதான் கதையே. “இந்தக் காலத்துப் படம் நமக்குப் புரியாது” என்று பெரியவர்கள் ஒதுங்கும்போது, பழியை வயதின் மீதும் படத்தின் மீதும் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம். பேரனோடு உட்காரும் இரண்டு மணி நேரத்தை அவர்கள் இழக்கிறார்கள்.

தமிழில் டப் செய்த வெளிநாட்டுப் படங்களில் இன்னொரு சங்கடம். காது குறையக் குறைய, நம்மை அறியாமலே எதிரில் இருப்பவரின் உதட்டைப் படிக்கப் பழகிவிடுகிறோம். 2020-ல் எல்லோரும் மாஸ்க் போட்ட பிறகு, “திடீர்னு காது மந்தமாயிடுச்சு” என்று எத்தனையோ பேர் என்னிடம் வந்தார்கள். காது முன்பே குறைந்துதான் இருந்தது, உதடு மறைந்தபோதுதான் தெரிந்தது. டப்பிங்கில் உதடு ஒன்று சொல்லும், குரல் வேறு சொல்லும். விண்வெளிப் படத்தில் பாதி நேரம் ஹெல்மெட், இல்லாவிட்டால் முகமே இல்லாத இயந்திரக் குரல்.

சரி, டிவி சத்தத்தைக் கூட்டினால் தீராதா? தீராது. கூட்டும்போது ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் இசையும் ராக்கெட் உறுமலும் சேர்ந்து கூடுகின்றன. தாழ்ந்த அதிர்வெண் சத்தம் பலமாக இருந்தால் மேலே உள்ள மெல்லிய ஒலிகளை அது மூடிவிடும். உட்காதின் நுண்செல்கள் பழுதான பிறகு மெல்லிய சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ சட்டென்று எரிச்சலூட்டும். “கேட்கல, சத்தமா வை” என்று கேட்டவரே அடுத்த நிமிடம் “ஏன் இப்படிக் கத்துது?” என்று சொல்வது இதனால்தான். வீம்பு என்று நினைத்துவிடாதீர்கள்.

பாதித் தவறு இன்றைய டிவியுடையது. மெலிதான டிவிகளின் ஸ்பீக்கர் பெரும்பாலும் கீழே பார்த்தோ பின்பக்கச் சுவரைப் பார்த்தோதான் இருக்கிறது. தியேட்டருக்காக, பல ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துச் செய்யும் 5.1 ஒலிக்கலவையில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில் வரும். வீட்டு டிவியில் நடு ஸ்பீக்கரே இல்லை, எல்லாம் இரண்டில் அடைபடுகிறது. ஓடிடி செயலியில் ஒலித்தேர்வு இருந்தால், இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவை எடுங்கள். டிவி செட்டிங்கில் ‘கிளியர் வாய்ஸ்’, ‘நைட் மோட்’ மாதிரி ஏதாவது இருந்தால் போட்டுப் பாருங்கள். நம் ஹாலில் டைல்ஸ் தரை, வெறும் சுவர், தலைக்கு மேல் ஃபேன், சமையலறையில் குக்கர். திரைச்சீலையும் பாயும் எதிரொலியைக் குறைக்கும். எல்லாவற்றையும் விட நாற்காலியை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போடுவது பலன் தரும். தமிழ் சப்டைட்டில் கிடைத்தால் தயங்காமல் போடுங்கள், அதில் வெட்கப்பட எதுவுமே இல்லை.

ஆனால் இதெல்லாம் பரிசோதனைக்கு மாற்று கிடையாது. சில சமயம் காரணம் வெறும் அழுக்குதான், எடுத்த பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். அதற்காக வீட்டில் ஹேர்பின், தீக்குச்சி, காய்ச்சிய எண்ணெய் என்று எதையும் காதுக்குள் விடவேண்டாம். ஒரு காது மட்டும் திடீரென்று, ஓரிரு நாளில் மந்தமானால் அது அவசரம். படம் முடியட்டும், பண்டிகை முடியட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகவேண்டும். சிகிச்சை தாமதமானால் கேட்கும் திறன் திரும்பி வரும் வாய்ப்பு குறையும். ராத்திரி ஹெட்ஃபோனில் எபிசோடு எபிசோடாகப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உலக சுகாதார நிறுவனம் சொல்லும் பாதுகாப்பான அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்.

மறதி நோய் பற்றிக் கேட்டார்களே, அதற்கும் பதில் சொன்னேன். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையில், மறதி நோய்க்கான, நம்மால் மாற்றக்கூடிய 14 காரணிகளில் செவிக்குறையும் ஒன்று. காது குறைந்தால் மறதி வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் குறையைக் கவனிக்காமல் விடுவதில் ஒரு லாபமும் கிடையாது.

சாருக்கு இரண்டு காதுக்கும் காது கேட்கும் மெஷின் பொருத்தினோம். முதல் வாரம் தட்டு வைக்கும் சத்தமும் செய்தித்தாள் புரட்டும் சத்தமும் தொல்லையாக இருந்தன. அது எல்லோருக்கும் வருவதுதான், மூளை பழகச் சில வாரம் பிடிக்கும். பயிற்சியாக, வசனம் மனப்பாடமாகத் தெரிந்த பழைய காமெடிப் படங்களை முதலில் பார்க்கச் சொன்னேன். அடுத்து பார்க்காத காமெடி. அதற்கப்புறம் பேரன் போடுகிற படம், சப்டைட்டில் இல்லாமல்.

மூன்றாவது முறை வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு தினசரிக் காலண்டர் தாளை எடுத்து நீட்டினார். பின்பக்கத்தில் ஆசிரியர் கையெழுத்தில் 11 பெயர்கள், விண்வெளித் தொடர் ஒன்றில் அவர் காதில் விழுந்தபடி. பக்கத்தில் பேரன் சிவப்புப் பேனாவால் திருத்தியிருந்தான். 8 சரி, 3 தவறு. தவறான மூன்றுமே “ஸ்” வரும் பெயர்கள். தாளை மேஜையில் வைத்துக்கொண்டு, மெஷினில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தேன்.