அட்டாக்சியா உள்ள வீட்டுக்கு வருமான வரியில் என்ன கழிவு கிடைக்கும்?

தள்ளாடி நடக்கும் பிள்ளையைப் பார்த்து, "குடிச்சிருக்கானா?" என்று தெருவில் கேட்பவர்கள் உண்டு. அதைக் காதில் வாங்கிக்கொண்டே மருத்துவமனைக்கு அலையும் குடும்பங்கள் பலவற்றுக்கு, இந்த நோய் வருமான வரி விதியிலேயே பெயர் சொல்லி எழுதப்பட்டிருப்பது தெரிவதில்லை. விதி 11டிடி-யின் நரம்பு நோய்ப் பட்டியலில் டிமென்ஷியா, பார்க்கின்சனோடு அட்டாக்சியாவும் இருக்கிறது.

உடலின் நிதானமும் கை கால்களின் ஒத்திசைவும் குலைவதுதான் அட்டாக்சியா. பரம்பரையாக வருபவற்றில் ஒன்று ஃபிரீட்ரிக் அட்டாக்சியா. 1863-இல் ஜெர்மானிய மருத்துவர் நிக்கோலஸ் ஃபிரீட்ரிக் இதை விவரித்தார். காரணமான மரபணு 1996-இல் கண்டறியப்பட்டது. பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள் தொடங்கும். நடை, பேச்சு, கையெழுத்து எல்லாம் மெல்ல மெல்லத் தளரும், இதயமும் பாதிக்கப்படலாம். பெற்றோர் இருவரும் நோயில்லாமல் மரபணுக் குறையை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். அதனால் ஒரே வீட்டில் அண்ணனுக்கும் தங்கைக்கும் வருவதுண்டு.

இனி பணத்துக்கு வருவோம். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80டிடிபி பிரிவு, சிகிச்சைக்கு உண்மையில் செலவழித்த தொகைக்குக் கழிவு தருகிறது; அதாவது, வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து அந்தத் தொகையைக் குறைத்துக்கொள்ளலாம். உச்சவரம்பு 40,000 ரூபாய். நோயாளி 60 வயது நிரம்பியவர் என்றால் 1 லட்சம். உங்களுக்காகவோ, உங்களைச் சார்ந்திருக்கும் கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், உடன்பிறந்தோருக்காகவோ செலவழித்திருக்கலாம். காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகை இந்த வரம்பிலிருந்து குறையும்: 60,000 செலவழித்து 25,000 திரும்ப வந்திருந்தால், கழிவு 15,000தான். இங்கேதான் பலர் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள்.

நரம்பு நோய்களுக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஊனத்தின் அளவு 40 சதவீதத்துக்குக் குறையாமல் இருப்பதாகச் சான்று வேண்டும். மருந்துச்சீட்டை டி.எம். நியூராலஜி என்ற நரம்பியல் உயர்பட்டம் அல்லது அதற்கு இணையான பட்டம் பெற்ற நிபுணர் தர வேண்டும். நோயாளியின் பெயர், வயது, நோயின் பெயர், மருத்துவரின் பதிவு எண் எல்லாம் அதில் இருக்க வேண்டும். அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், அங்கே முழுநேரம் பணிபுரியும் பொது மருத்துவ முதுநிலை நிபுணர் எழுதினாலும் போதும்.

80டிடி இதிலிருந்து வேறு. உங்களைச் சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காகச் செலவு செய்திருந்தால், அது எவ்வளவாக இருந்தாலும் 75,000 ரூபாய் கழிவு. ஊனம் 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000. வரி கட்டுபவரே நோயாளி என்றால் இதே தொகையை 80யு-வில் கேட்கலாம். அவர் அப்படிக் கேட்டுவிட்டால், அவருக்காக வீட்டில் இன்னொருவர் 80டிடி கேட்க முடியாது. சான்றிதழில் மறுமதிப்பீட்டுத் தேதி இருந்தால், அது முடிந்த பிறகு புதுச் சான்று வாங்காமல் கழிவு கிடையாது. நாளுக்கு நாள் கூடும் நோயில் இந்தத் தேதியைக் கவனியுங்கள். புது மதிப்பீட்டில் ஊனம் 80 சதவீதத்தை எட்டியிருந்தால் கழிவும் உயரும்.

இவை எல்லாம் பழைய வரிமுறைக்கு மட்டும்தான். புதிய முறையில் இந்த மூன்றுமே கிடையாது. 2025-26 நிதியாண்டில் சம்பளத்தையே நம்பியிருப்பவரின் மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் இருந்தால் புதிய முறையில் வரியே வராது; அவர் இதற்காக அலைய வேண்டியதில்லை. அதற்கு மேல் வருமானம் உள்ளவர்கள் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்து, கெடு தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். இங்கே சொன்னவை 1961 சட்டத்தின் பிரிவு எண்கள்; 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதற்குப் பிந்தைய வருமானத்துக்கு எண்கள் வேறு.

வரி கட்டும் நிலையில் இல்லாத குடும்பத்துக்கும் 40 சதவீதச் சான்று கட்டாயம் தேவை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியும், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடமும் இந்த அளவு ஊனமுள்ளவர்களுக்குத் தருகிறது. அரசு வேலையில் 4 சதவீத ஒதுக்கீட்டில் மட்டும் ஒரு சிக்கல்: அதில் இயக்கக் குறைபாடு இருக்கிறது, நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற வகை இல்லை. ஆகவே மதிப்பீட்டுக்குப் போகும்போது எந்த வகையில் பதிகிறார்கள் என்று மருத்துவக் குழுவிடமே கேளுங்கள். பிள்ளையின் நடையும் கை இயக்கமும் எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கின்றன என்பதைக் காட்டும் நரம்பியல் அறிக்கைகளையும் கையோடு கொண்டுபோங்கள்.