காலை ஒன்பது மணிக்குக் காணாமல் போகும் படம்

எங்கள் தெருவில் நான்கு வீடு தள்ளி இருக்கும் அக்கா, ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு நாள் காலை என்னைக் கூப்பிட்டார். டர்பன் நகரத்தில் எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியின் வானம் துடைத்துவைத்த தாம்பாளம் போல இருந்தது. மழை இல்லை, காற்றும் இல்லை. ஆனால் அவர் வீட்டு டிவியில் படம் கட்டம் கட்டமாகச் சிதறி, பிறகு கறுத்து, சிக்னல் இல்லை என்ற அறிவிப்போடு நின்றுவிட்டதாம். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் படம் திரும்பிவிட்டது. மறுநாளும் அதே ஒன்பது மணி, அதே கூத்து. மூன்றாம் நாள் நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் அக்கா ஒரு டெக்னீஷியனை வரவழைத்துவிட்டார். டிஷ்ஷுக்கு முன்னால் கையில் பிடித்த மைக் போல நீட்டிக்கொண்டு, டிஷ் குவிக்கும் அலையை வாங்கிக் கேபிளில் அனுப்பும் எல்என்பி கெட்டுப்போய்விட்டது என்று சொல்லி, புதியதை மாட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு அவர் போய்விட்டார். அதற்கு இரண்டு நாள் கழித்து, படம் ஒரு நொடிகூட நிற்கவில்லை. அக்காவுக்குத் திருப்தி, எனக்குத்தான் இல்லை. பழைய எல்என்பி கெடவே இல்லை. செயற்கைக்கோளின் முதுகுக்குப் பின்னால் சூரியன் வந்து நின்றதுதான் நடந்தது.

தென்னாப்பிரிக்காவில் கூரைக்குக் கூரை நிற்கும் டிஷ்களில் மிகப் பெரும்பாலானவை வானத்தின் ஒரே இடத்தைத்தான் பார்க்கின்றன. கிழக்குத் தீர்க்கரேகை 68.5 டிகிரிக்கு நேர் மேலே, நிலநடுக்கோட்டிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரம். கீழே இந்தியப் பெருங்கடல், மாலத்தீவுகளுக்குச் சற்றுத் தென்மேற்கு. 2012-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 20-உம் 2016-இல் ஏவப்பட்ட இன்டெல்சாட் 36-உம் ஆகிய இரண்டு செயற்கைக்கோள்கள் அங்கே அருகருகே நிற்கின்றன. டர்பனிலிருந்து அளந்தால் சாய்கோட்டில் சுமார் 38,000 கிலோமீட்டர். 1860-இல் ட்ரூரோ கப்பல் நம் முன்னோரை மதராஸிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்க்க 35 நாள் பிடித்தது. அதே கடலின் மேலே ஏறி இறங்கி வர, சன் டிவியின் சீரியலுக்குக் கால் நொடி போதும்.

வருவது என்னவோ நூலிழைதான். ஒரு 80 சென்டிமீட்டர் டிஷ் மொத்தமாக வாரிக் குவிக்கும் ஆற்றல், ஒரு வாட்டில் லட்சம் கோடியில் சில பங்கு. கல்யாண வீட்டில் காதோடு காதாகச் சொல்லப்படும் ரகசியம் மாதிரி அது. கெட்டிமேளம் தொடங்கும்வரை நன்றாகவே கேட்கும். சூரியன் வெளிச்சத்தை மட்டும் வீசுவதில்லை, நுண்ணலைகளையும் எல்லா அலைவரிசையிலும் சகட்டுமேனிக்கு வீசுகிறது. டிஷ் பார்க்கும் கோட்டில் அது வந்து நின்றால் கெட்டிமேளம்தான். வடக்கு நோக்கிப் போகும் சூரியன் ஏப்ரல் முதல் நாட்களிலும், தெற்கே திரும்பும் சூரியன் செப்டம்பர் 10-ஐ ஒட்டியும் டர்பன் டிஷ்களின் கோட்டைக் கடக்கிறது. இரண்டு முறையும் காலை ஒன்பது மணி அளவில், நாலைந்து நாட்கள், நாளுக்குச் சில நிமிடங்கள். தானாக வரும், தானாகப் போகும்.

இந்த இடத்தில், சிக்னலைப் படமாக மாற்றி டிவிக்குக் கொடுக்கும் பெட்டியான டிகோடரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கும் இரண்டு பட்டைகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒன்று சிக்னலின் வலு, மற்றொன்று தரம். பலர் வலுவை மட்டும் பார்த்துவிட்டு, 'எழுபது சதவீதம் இருக்கிறதே, அப்புறம் ஏன் படம் வரவில்லை?' என்று கேட்கிறார்கள். வலு என்பது கேபிள் வழியாக வந்து சேரும் மொத்தச் சத்தம். ரகசியமும் அதில் உண்டு, மேளமும் உண்டு. தரம் என்பது அந்த இரைச்சலிலிருந்து டிகோடர் எத்தனை எழுத்தைப் பிழையில்லாமல் படித்தது என்பது. சூரியன் குறுக்கிடும்போது வலு குறையாது, கொஞ்சம் ஏறவும் கூடும். தரம்தான் படுத்துவிடும். ஆகவே பார்க்க வேண்டியது இரண்டாவது பட்டை.

தரம் மெல்ல மெல்லக் குறைந்தாலும் படம் மெல்ல மங்காது. பழைய கூரை ஆன்டெனா காலத்தில் புள்ளி புள்ளியாக 'பனி' பெய்யும், அதன் நடுவிலும் கதாநாயகியை அடையாளம் கண்டுகொள்ளலாம். டிஜிட்டலில் அந்தக் கருணை கிடையாது. அனுப்பும்போதே பிழை திருத்துவதற்கான கூடுதல் தகவலையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். பிழைகள் ஓர் எல்லைக்குள் இருக்கும்வரை டிகோடர் அத்தனையையும் திருத்திவிடும், படம் கண்ணாடி போல இருக்கும். எல்லையைத் தாண்டினால் ஒரே சறுக்கு. நேற்றுவரை நன்றாகத்தானே இருந்தது என்று சொல்பவர் வீட்டில் டிஷ் ஒரு வருடமாகவே விளிம்பில் நின்றிருக்கலாம். எச்டி சேனல்கள் பெரும்பாலும் அடர்த்தியாகத் தகவல் அடைத்து வருவதால் அவைதான் முதலில் விழும். சாதாரண சேனல் வருகிறது, எச்டி வரவில்லை என்றால் விளிம்பு நெருங்கிவிட்டது என்று பொருள்.

மழை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இந்த அலைகளின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர்தான். கொட்டும் மழையின் பருத்த துளிகள் அவற்றை விழுங்கவும் செய்கின்றன, நாலாபுறமும் சிதறடிக்கவும் செய்கின்றன. ஆனால் உங்கள் தலைமேல் பெய்யும் மழை மட்டும் கணக்கல்ல. டர்பனிலிருந்து செயற்கைக்கோள் வடகிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 36 டிகிரி உயரத்தில் இருக்கிறது. மழை 5 கிலோமீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது என்று வைத்துக்கொண்டால், சாட்ஸ்வொர்த் வீட்டுக்கு வரும் அலை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தள்ளி, கேட்டோ மேனர் பக்கம் மழைக்குள் நுழைகிறது. நிறவெறி அரசாங்கம் நம் தாத்தா பாட்டிகளைக் கிளப்பி இங்கே குடியேற்றுவதற்கு முன் அவர்கள் வாழ்ந்த அதே கேட்டோ மேனர். மேற்கிலிருந்து வரும் கோடை இடி மழை நம் வீட்டைக் கடந்து ஓய்ந்த பிறகும் படம் திரும்பவில்லையே என்று திகைக்க வேண்டாம். மேகம் இப்போது அந்தப் பக்கம் நிற்கிறது. கால் மணி நேரம், அரை மணி நேரம் பொறுத்தால் சரியாகிவிடும். சிறு தூறலுக்கே படம் போகிறது என்றால்தான் டிஷ்ஷைச் சந்தேகிக்க வேண்டும்.

சூரியனால் நேர்ந்த தொல்லையிலேயே ஓர் உபகாரமும் இருக்கிறது. அந்த நாலைந்து நாட்களில் காலை ஒன்பது மணிக்குச் சூரியன் நிற்கும் இடம்தான் செயற்கைக்கோள் நிற்கும் இடம். சூரியனைப் பார்க்க வேண்டாம், கண் போய்விடும். டிஷ்ஷின் மேல் விழும் நிழலைப் பாருங்கள். பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை நிழல் டிஷ்ஷில் படிந்திருந்தால், வருடம் முழுவதும் அந்தக் கிளை அலையை மறைத்துக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். இலை என்பது தண்ணீர்ப் பை. நனைந்த இலை இன்னும் மோசம். டிஷ் வைத்தபோது இடுப்பளவு இருந்த மரம் பத்து வருடத்தில் கூரையைத் தாண்டியிருக்கும். மரம் வளர்வது நம் கண்ணில் படுவதில்லை, தரப் பட்டையில் பட்டுவிடும். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை, நாலைந்து நாட்கள்தான் கிடைக்கும் என்பதுதான் குறை.

ஆனாலும் என் அனுபவத்தில் வானத்தைவிடக் கேபிள்தான் பெரிய குற்றவாளி. போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டிலேயே தரம் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்தது. டிகோடரின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, எல்என்பியில் திருகியிருந்த கனெக்டரைக் கழற்றினேன். உள்ளே நடுக்கம்பியின் முனையில் பச்சை பூத்திருந்தது. கேபிளின் கறுப்பு உறையை ஒரு விரற்கடை சீவினால், வெள்ளி நிறத்தில் மினுங்க வேண்டிய கம்பி வலை, கரிப்பிடித்த பாத்திரம் தேய்த்த நார் போலக் கறுத்துக் கிடந்தது. இன்னும் ஒரு சாண் வெட்டினேன், அங்கேயும் கறுப்பு. அழுத்தியபோது ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. கனெக்டரின் இடுக்கில் நுழைந்த மழைநீரை, விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்த வலை இழுத்துக்கொண்டே போயிருக்கிறது. இரண்டு மீட்டர் வெட்டி எறிந்த பிறகுதான் பளபளப்பான வலை கிடைத்தது. கடற்கரை ஊரில் உப்புக் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. கனெக்டரின் மேல் ரப்பர் உறையோ நீர் புகாத டேப்போ சுற்றுவதும், கேபிளை எல்என்பிக்குக் கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்படி செய்வதும் ஐந்து நிமிட வேலை. அதை முதலிலேயே செய்யாமல் விட்டது என் சோம்பல்தான்.

கனெக்டர் மாட்டும்போது நடுக்கம்பி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வெளியே நீட்டியிருக்க வேண்டும். வலையின் ஒற்றை இழைகூட அதைத் தொடக் கூடாது. தொட்டால் ஷார்ட் ஆகி, டிகோடர் எல்என்பிக்கு அனுப்பும் மின்சாரத்தையே நிறுத்திவிடும். அந்தக் கேபிளில் படம் மட்டுமே கீழே வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். மேலே மின்சாரமும் போகிறது. டிகோடர் 13 வோல்ட் கொடுத்தால் எல்என்பி செங்குத்தாக அதிரும் அலைகளை எடுக்கும், 18 கொடுத்தால் கிடையாக அதிர்பவற்றை எடுக்கும். கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் ரீங்காரம் ஒன்றைச் சேர்த்தால் மேல்பாதி அலைவரிசைக்கு மாறும். துருப்பிடித்த கனெக்டரில் 18 வோல்ட் தேய்ந்து 14 ஆகப் போய்ச் சேர்ந்தால், எல்என்பி அதை 13 என்றே எடுத்துக்கொள்ளும். விளைவு, பாதிச் சேனல்கள் பளிச்சென்று வரும், மீதிப் பாதி சுத்தமாக வராது. இந்த அறிகுறியைப் பார்த்தால் டிஷ்ஷைத் திருப்பாதீர்கள், கனெக்டரைப் பாருங்கள். ஒரே கேபிளில் பல டிகோடர்களுக்கு அனுப்பும் புதுவகை எல்என்பிகளில் ஏற்பாடு வேறு, ஆனால் அவற்றுக்கும் தண்ணீர் எதிரிதான்.

திரையில் வரும் குறியீட்டையும் ஒரு முறை படித்துவிடுங்கள். இங்கே பல வீடுகளில் இருக்கும் சந்தா டிவி சேவையான டிஎஸ்டிவியின் டிகோடரில் ஈ48-32 என்றால் சிக்னல் கோளாறு. ஈ16 என்றால் அனுமதி கிடைக்கவில்லை, அதாவது சந்தா தொடர்பானது, அதற்கு ஏணி தேவையில்லை. மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் துள்ளிக்கொண்டு திரும்புவதில் டிகோடரின் பவர் சப்ளை போவதும் உண்டு. மின்வெட்டு நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவைப்பது நல்லது.

கடைசியாக, டிஷ் திரும்பிவிடுவது. எங்கள் பகுதியில் அதற்குப் பெரும்பாலும் குரங்குதான் காரணம். மாம்பழத்துக்கு வரும் வெர்வெட் குரங்குகளுக்கு எல்என்பி தாங்கும் கம்பி ஊஞ்சல். 80 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை மொத்தமே இரண்டு டிகிரி அகலத்துக்குச் சற்று மேல். ஒரு டிகிரி விலகினால் கிட்டத்தட்டப் பாதி சிக்னல் போய்விடும். ஒரு டிகிரி என்பது டிஷ்ஷின் ஒரு விளிம்பு மறு விளிம்பைவிட ஒன்றரை சென்டிமீட்டர் முன்னே வருவதுதான். திருத்தப் போகிறவர்கள் காம்பஸை நம்பி ஏமாறுகிறார்கள். செயற்கைக்கோள் உண்மை வடக்கிலிருந்து கிழக்காக 57 டிகிரியில் இருக்கிறது. ஆனால் டர்பனில் காந்த ஊசி உண்மை வடக்குக்கு ஏறத்தாழ 25 டிகிரி மேற்கே காட்டும். அதனால் காம்பஸில் 82-ஐ ஒட்டிப் பார்க்க வேண்டும், அதாவது கிட்டத்தட்ட நேர் கிழக்கு. போனில் இருக்கும் காம்பஸ் எந்த வடக்கைக் காட்டுகிறது என்று அதன் அமைப்பில் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, டிஷ் தலை தொங்கி அடிவானத்தைப் பார்ப்பதுபோல் தெரிகிறதே என்று அதை நிமிர்த்திவிடுகிறார்கள். இந்த டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழே தள்ளி இருப்பதால், டிஷ் பார்க்கும் திசை அதன் முகத்தைவிட இருபது டிகிரிக்கு மேல் உயர்ந்தது. தொங்குவதுபோல் தோன்றுவதுதான் சரியான நிலை. ஏறுவதற்கு முன், நம் பழைய நகராட்சி வீடுகள் பலவற்றின் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்பதை மறந்துவிடாதீர்கள். காலை வைத்தால் உடையும், உடைந்தால் அதன் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

அக்கா அந்தப் பழைய எல்என்பியைத் தூக்கிப் போடாமல், பொங்கல் பானைக்குப் பக்கத்தில் அலமாரியில் வைத்திருந்தார். டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் அவர் தம்பி வீட்டில் குரங்கு எல்என்பியைப் பிடித்துத் தொங்கி உடைத்தபோது, இதை எடுத்துப் போய் மாட்டினோம். அன்றே படம் வந்தது. செப்டம்பரில் ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கு இரண்டு வீட்டுத் திரைகளும் ஒரே சமயத்தில் சிதறின, புதிய எல்என்பி இருக்கும் வீட்டிலும் பழையது இருக்கும் வீட்டிலும். தம்பியோடு போனில் பேசி முடித்துவிட்டு அக்கா எனக்குப் போன் செய்தார். "தம்பி, உன் சூரியன் வந்துவிட்டார். இந்தத் தடவை நான் யாரையும் கூப்பிடவில்லை. அடுப்பில் இட்லி வைத்திருக்கிறேன், அது வெந்து முடிவதற்குள் போய்விடுவார்தானே?"