வானம் தெளிந்து கிடக்கிறது என்பது எச்சரிக்கைக்குப் பதில் அல்ல

கள்ளக்கடல், அதாவது காற்றே இல்லாமல் கடல் பொங்கி ஏறுவது, பற்றிய எச்சரிக்கை நடப்பில் இருக்கும் நாளில் ஆறு கடலில் சேரும் பொழிமுகத்துப் பாறைமேல் குடும்பத்தோடு நின்று படம் எடுக்கிறவர்களிடம் இறங்கச் சொன்னால், எல்லாக் கரையிலும் ஒரே பதில்தான் வருகிறது: “காத்தே இல்லியே சார், நல்ல வெயில்லா அடிக்குது.” பேச்சிப்பாறை அணையில் மதகு திறந்த அறிவிப்பு வந்த பிறகும் குழித்துறைச் சப்பாத்துத் தரைப்பாலத்தில் துணி துவைக்க இறங்குகிறவர் சொல்வதும் இதேதான்: “இங்க ஒரு சொட்டு மழ இல்லியே.” எச்சரிக்கை வந்ததும் முற்றத்தில் இறங்கி அண்ணாந்து பார்ப்பது, வானம் தெளிவாக இருந்தால் “இவனுவ சும்மா சொல்லுவானுவ” என்று உள்ளே போய்விடுவது. குமரி மாவட்டத்தில் இந்த ஒரு பழக்கம் எத்தனை பேரைக் கொண்டுபோயிருக்கிறது என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

எச்சரிக்கை என்பது உங்கள் தலைக்கு மேலே இப்போது இருக்கும் வானத்தைப் பற்றியது அல்ல. வேறெங்கோ கிளம்பி, உங்களை நோக்கி வந்துகொண்டிருப்பதைப் பற்றியது. வந்து சேர்ந்த பிறகுதான் நம்புவேன் என்றால் எச்சரிக்கையே தேவையில்லையே.

முதலில் கடல். கள்ளன்போலச் சொல்லாமல் வருவதால் நம் கடற்கரைக்காரர்கள் வைத்த பெயர்தான் கள்ளக்கடல். இப்போது விஞ்ஞானிகளும் அதே பெயரைச் சொல்கிறார்கள். இந்த அலையை நம்மூர்க் காற்று எழுப்புவதில்லை. நிலநடுக்கோட்டுக்கு வெகு தெற்கே, பெருங்கடலின் குளிர்ந்த பகுதியில் வீசும் பெரும்புயல் எழுப்புகிறது. ஒரு நாளைக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நாலைந்து நாள் கழித்து அது நம் கரையில் ஏறுகிறது. புறப்பட்ட இடத்தில் புயல் அதற்குள் ஓய்ந்தே போயிருக்கும். இங்கே வெயில் அடிக்கும், தென்னை ஓலைகூட அசையாது. ஆகவே காற்று இல்லை என்பது ஆபத்து இல்லை என்பதற்கு ஆதாரமே கிடையாது. காற்றில்லாமல் கடல் ஏறுவதற்குப் பெயர்தான் கள்ளக்கடல். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்லலாம்.

நம்மூர்க் காற்று எழுப்பும் அலைகள் ஐந்து முதல் எட்டு நொடிக்கு ஒன்றாக வரும். கள்ளக்கடல் அலைகளுக்கு இடையே பதினைந்து நொடி, சில சமயம் இருபது நொடிகூட இருக்கும். எச்சரிக்கையில் அலையின் உயரம் ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை. நீண்ட இடைவெளி கொண்ட அலை கடலின் ஆழம்வரை அசைத்துக்கொண்டு வருகிறது. மேல்தண்ணீர் மட்டும் புரளும் அலை அல்ல அது. கரையில் மோதி உடைந்ததோடு நிற்காமல் மணலில் வெகுதூரம் ஏறும், திரும்பும்போது காலடி மணலையும் சேர்த்து இழுக்கும். முழங்கால் தண்ணீரில் நிற்பவர் விழுவது அப்படித்தான். இன்னொன்று, இவை கூட்டமாக வரும். நாலைந்து பெரிய அலை, பிறகு பத்துப் பதினைந்து நிமிட அமைதி, மறுபடியும் ஒரு கூட்டம். “அஞ்சு நிமிசம் பாத்துட்டுத்தான் எறங்கினோம்” என்பவர்கள் பார்த்தது அந்த அமைதியைத்தான்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். படித்த பிள்ளைகள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில்தான் இருந்தது. வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சொல்லே தெரிந்திருக்காது. கரையில் கடை வைத்திருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், விடுதி நடத்துபவர் எல்லோருக்கும் அது தெரியும். தயவுசெய்து வாய் திறந்து சொல்லுங்கள். வியாபாரம் ஒரு நாள் போனால் மறுநாள் வரும்.

ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் விடும் இந்த எச்சரிக்கையில் பார்க்க வேண்டியவை இரண்டு. முதலாவது இடம்: “நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை” என்றிருந்தால் நம் கடற்கரை முழுவதும் என்று பொருள். உங்கள் ஊர்ப்பெயரைத் தேடி, இல்லை என்று விட்டுவிடாதீர்கள். இரண்டாவது முடியும் நேரம்: பெரும்பாலும் இரவு 11.30 என்றிருக்கும். சாயங்காலம் கடல் கொஞ்சம் அடங்கியதும் வள்ளத்தைக் கீழே இறக்குவது தப்பு. வள்ளங்களை மணலின் ஈரக்கோட்டுக்கு மேலே ஏற்றி வையுங்கள். துறைமுகத்தில் கட்டும் படகுகளுக்கு இடையே ஒன்றோடொன்று மோதாத அளவுக்கு இடம் விடுங்கள். அலையைத் தடுக்கப் போட்ட தூண்டில் வளைவுக் கல்மேல் யாரும் ஏறக்கூடாது. அந்தக் கல் பாசி படிந்தது, இடுக்கில் கால் போனால் எடுக்க முடியாது. யாராவது இழுபட்டால் பின்னாலேயே குதிக்காதீர்கள். மூடிய காலி கேனோ, பிளாஸ்டிக் குடமோ, கயிறோ வீசுங்கள். கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசின் 1093-க்கு அல்லது 112-க்கு அழையுங்கள்.

அடுத்தது ஆறு. இங்கே கண்ணால் சரிபார்ப்பது இன்னும் மோசம். கோதையாற்று மலையில் மழை கொட்டும், பேச்சிப்பாறை நிரம்பும், உபரிநீர் திறப்பார்கள். அது திற்பரப்பு வழியாக வந்து, மூவாற்றுமுகத்தில் பரளியாற்றையும் சேர்த்துக்கொண்டு, குழித்துறை தாண்டித் தேங்காய்ப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. கீழே உள்ளவர் பார்க்கும் வானத்துக்கும் அவர் காலடிக்கு வரும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை. “வெறும் ஐயாயிரம் கன அடிதானே” என்கிறார்கள். ஒரு கன அடி சுமார் 28 லிட்டர். ஐயாயிரம் என்றால் நொடிக்கு ஒரு லட்சத்து நாற்பதாயிரம் லிட்டர். பேச்சிப்பாறையின் முழு நீர்மட்டம் 48 அடி, பரளியாற்றிலுள்ள பெருஞ்சாணி அணையின் முழு நீர்மட்டம் 77 அடி. பத்திரிகையில் தினமும் வரும் நீர்மட்டத்தைப் பார்த்துவந்தால், எத்தனை அடி மிச்சம் இருக்கிறது என்பது ஆற்றோரத்துக்காரர்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஓடும் வெள்ளம் அரை அடி இருந்தாலே ஆளைச் சாய்க்கும், இரண்டடி போதும் காரை நகர்த்த. சப்பாத்துக்கு மேல் தண்ணீர் ஓடினால் பைக்கைத் திருப்புங்கள், பெரிய பாலம் வழியாகச் சுற்றிப் போங்கள். கயிறு கட்டி அடைத்திருப்பதைத் தூக்கிவிட்டு நுழைகிறவர்களை என்ன சொல்வது.

“சிவப்புன்னு சொன்னாங்க, ஒண்ணும் வரல்லியே” என்ற பேச்சுக்கு வருவோம். வானிலை அறிக்கையில் “ஓரிரு இடங்களில்” என்றால் மழைமானி நிலையங்களில் கால் பங்கு வரை என்று கணக்கு. “சில இடங்களில்” என்றால் பாதி வரை, “பல இடங்களில்” என்றால் முக்கால் வரை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் மிக கனமழை என்று அறிவித்து, பாலமோரில் கொட்டி, நாகர்கோவிலில் தூறலோடு நின்றால் அந்த அறிவிப்பு சரியாகவே இருந்தது. கடல்மட்டத்திலிருந்து மலை வரை சில மணிநேரப் பயணத்தில் அடங்கிவிடும் மாவட்டம் இது. கன்னியாகுமரி சன்னதித் தெருவில் நின்றுகொண்டு கோதையாற்று மழையை அளக்க முடியாது. நிறமும் மழையின் அளவை மட்டும் சொல்வதில்லை. மஞ்சள் என்றால் கவனித்திருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராகுங்கள், சிவப்பு என்றால் செயல்படுங்கள். நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்பதைத்தான் நிறம் சொல்கிறது. சிவப்பு என்றால் பள்ளிக்கூட விடுமுறை என்று மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வைத்திருக்கிறோம்.

துறைமுகக் கூண்டு எண்ணிலும் இதே குழப்பம். 5, 6, 7 ஆகிய மூன்றும் ஒரே அளவு ஆபத்துதான். புயல் தன் பாதையில் போகும்போது துறைமுகம் அதற்கு இடப்புறம் இருக்குமானால் 5, வலப்புறம் என்றால் 6, துறைமுகத்தின் மேலேயோ அருகிலோ கடந்தால் 7. “அஞ்சுதானே, ஏழு வரட்டும்” என்று காத்திருப்பதில் அர்த்தமே இல்லை.

ஒக்கிப் புயல் நம் மாவட்டத்துக்குத் தந்த காயம் இன்னும் ஆறவில்லை. 2017 நவம்பர் 29 அன்று இலங்கைப் பக்கம் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 30-ஆம் தேதி காலையில் குமரிக் கடலிலேயே புயல். சாதாரணமாகப் புயலுக்கு 48 மணி நேரம், 24 மணி நேரம் என்று படிப்படியாக வரும் அறிவிப்புகளுக்கு அது அவகாசமே தரவில்லை. பல நாள் கடலிலேயே தங்கிப் பிடிக்கும் தங்கல் மீன்பிடிக்குப் போன தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறைப் படகுகள் அப்போது ஆழ்கடலில் இருந்தன. செல்போன் டவர் அங்கே எட்டாது. ஆகவே ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் “காற்றழுத்தத் தாழ்வு” என்ற சொல்லைக் கேட்டாலே கரையில் நின்றுவிட வேண்டும். “புயல்” என்ற சொல்லுக்காகக் காத்திருக்கக் கூடாது. தாழ்வு மண்டலத்துக்குக் காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வரை, புயலுக்கு 62-க்கு மேல். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரே ஓர் இரவு போதும் என்பதை ஒக்கி காட்டியது.

படகில் எது இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். ஜெமினி கருவி செயற்கைக்கோளிலிருந்து செய்தியை வாங்கி புளூடூத் வழியே உங்கள் போனுக்குத் தரும், ஆனால் அதிலிருந்து பதில் அனுப்ப முடியாது. இருவழி டிரான்ஸ்பாண்டரில் அவசரப் பொத்தான் உண்டு, பதிலும் அனுப்பலாம். கருவியைப் பூட்டி விட்டால் மட்டும் போதாது. ஒயர் துருப்பிடித்து, பேட்டரி செத்து, போனில் செயலியை யாரோ அழித்துவிட்டிருப்பார்கள். புறப்படும் முன் துறைமுகத்திலேயே ஒரு முறை போட்டுப் பாருங்கள். படகில் குறைந்தது இரண்டு பேருக்காவது அதை இயக்கத் தெரிய வேண்டும். வி.எச்.எஃப். செட்டில் 16-ஆம் சேனலைத் திறந்து வையுங்கள். கடலோரக் காவல்படையின் எண் 1554, படகில் எழுதியே ஒட்டுங்கள்.

இனி வீட்டுப் போன். 2023 அக்டோபர் 20 அன்று தமிழ்நாட்டில் எல்லாப் போன்களும் ஒரே நேரத்தில் அலறின, நினைவிருக்கும். அது சோதனைச் செய்தி. பயந்துபோய் அன்றைக்கே அந்த அமைப்பை அணைத்துவைத்தவர்கள் ஏராளம். அது டவரிலிருந்து நேராக வருவது. உங்கள் நம்பர் யாருக்கும் தெரிய வேண்டாம், நெட் வேண்டாம், சைலண்டில் இருந்தாலும் ஒலிக்கும். போன் அணைந்திருந்தாலோ ஏரோபிளேன் மோடில் இருந்தாலோ வராது. செட்டிங்ஸ் திறந்து, தேடும் கட்டத்தில் அவசரகால எச்சரிக்கை என்று தேடி, எல்லாவற்றையும் ஆன் செய்யுங்கள். வீட்டில் தாத்தா பாட்டி கையில் இருக்கும் போனில் முதலில் செய்யுங்கள், பகலில் தனியாக இருப்பது அவர்கள்தான். சசேத், டி.என். அலர்ட் செயலிகளில் இருப்பிட அனுமதி கொடுத்தால்தான் உங்கள் ஊருக்கான செய்தி வரும். மின்னலுக்கு தாமினி. வாட்ஸ்அப்பில் வரும் சிவப்புப் படத்தில் தேதி இல்லையென்றால் அனுப்பாதீர்கள். போன வருடத்துப் படம் சுற்றிச் சுற்றி வந்து, உண்மையான எச்சரிக்கையின் மரியாதையையும் கெடுக்கிறது.

அமெரிக்கச் சமவெளிக் கிராமங்களில் டொர்னடோ எனும் சுழற்காற்றுக்கான எச்சரிக்கைக்கும் காற்று வந்து தொடுவதற்கும் இடையே சராசரியாகப் பத்து நிமிடம்போலத்தான் கிடைக்கும். அங்கும் சைரன் கேட்டதும் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்க்கிறவர்களோடுதான் அதிகாரிகள் மல்லுக்கட்டுகிறார்கள். மனித இயல்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே சுழற்காற்றையாவது கண்ணால் பார்க்க முடியும். கள்ளக்கடலை முற்றத்தில் நின்று பார்க்க முடியாது.

மின்னலுக்கு ஒரே கணக்கு. மின்னல் தெரிந்து முப்பது நொடிக்குள் இடி கேட்டால் நீங்கள் எல்லைக்குள் இருக்கிறீர்கள், கான்கிரீட் வீட்டுக்குள் போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்து வெளியே வாருங்கள். ரப்பர் தோட்டத்து ஷெட்டும் தென்னை மரத்தடியும் பாதுகாப்பு அல்ல. காற்றில் அறுந்து கிடக்கும் மின்கம்பியிலிருந்து பத்து மீட்டராவது விலகி நின்று, மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, சொல்லுங்கள். கம்பால் தள்ளிப் பார்க்க வேண்டாம்.

நம் ஊர்களில் இன்றும் போனைவிட வேகமாகப் போய்ச் சேர்வது ஆலய மைக்கும் கோவில் மைக்கும் பள்ளிவாசல் மைக்கும்தான். ஆனால் அறிவிக்கும்போது “அன்பான ஊர்ப் பொதுமக்களே” என்று தொடங்கி, யார் சொல்லச் சொன்னார்கள் என்று விளக்கி முடிப்பதற்குள் பாதிப்பேர் கேட்பதை விட்டுவிடுகிறார்கள். என்ன, எங்கே, எதுவரை, என்ன செய்ய வேண்டும்: நான்கு வரி போதும். இப்படி:

“கள்ளக்கடல் எச்சரிக்கை. நம்ம கடப்புறம் முழுக்க. நாளை ராத்திரி பதினொன்றரை வரைக்கும். வள்ளத்த மேல ஏத்துங்க, பிள்ளையள கடலுக்கு விடாதீங்க.”

இதையே நிறுத்தி நிறுத்தி மூன்று தடவை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும். கரண்ட் போனால் மைக் பேசாது. இன்வெர்ட்டரிலிருந்து மைக்குக்குத் தனி இணைப்பு எடுத்து வையுங்கள், பேட்டரியில் ஓடும் கைமைக் ஒன்றும் வேண்டும். அதன் செல்லைக் கழற்றித் தனியாக வையுங்கள், உள்ளேயே கிடந்தால் கசிந்து கெடுத்துவிடும். மைக் அறைச் சாவி ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது, அவர் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரம் போயிருக்கும் நாளில்தான் எச்சரிக்கை வரும். சந்தேகம் என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077-க்கு அழைத்துக் கேட்டுவிட்டு அறிவியுங்கள்.

எச்சரிக்கை விலகியதும் அதே மைக்கில் “முடிந்தது” என்று சொல்லுங்கள். இதைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை. முடிந்ததாக யாரும் சொல்லாததால், அடுத்த தடவை எப்போது கடலுக்குப் போகலாம் என்று மறுபடியும் வானத்தைப் பார்த்தே முடிவெடுக்கிறார்கள்.