நோட்டீஸ் அடிக்கும் முன் சிகிச்சைத் தேதிகளைப் பாருங்கள்

சதை டெஸ்ட் (பயாப்ஸி) ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்ததுமே வீட்டில் நகை அடகுக்குப் போகிறது. ஏரியா பசங்க போனில் நோயாளியின் போட்டோ, ஆதார், ஜிபே நம்பர் எல்லாம் சுற்ற ஆரம்பித்துவிடும். "பத்து லட்சம் தேவை" என்று வசூல் நோட்டீஸ் போட்டிருப்பார்கள். யார் போட்ட கணக்கு என்று கேட்டால் பதில் இருக்காது.

அந்தக் கணக்கைச் சரியாகப் போட்டுக் கொடுப்பது நர்ஸ் நேவிகேட்டரின் முதல் வேலை. நோயாளிக்குக் கூடவே இருந்து வழிகாட்டும் இந்த முறையை 1990இல் நியூயார்க்கின் ஹார்லெம் மருத்துவமனையில் டாக்டர் ஹெரால்டு ஃப்ரீமன் தொடங்கினார். ஏழைகளின் சிகிச்சை பாதியில் நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். வசூலும் அதற்குத்தான் என்பதால், எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் எதற்கு, எந்தத் தேதிக்கு என்று கேட்க வேண்டும்.

முதலில் காப்பீட்டைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். காரியம் கெடுவது பெயரில்தான். கல்யாணமாகி வந்த மருமகள் பெயர் ரேஷன் கார்டில் ஏறியிருக்காது. இனிஷியல் ஒன்றில் அப்பா பெயர், இன்னொன்றில் கணவர் பெயர் என்று இருக்கும். பயாப்ஸி ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களிலேயே இதைத் திருத்தக் கொடுத்துவிட்டால், கீமோ தேதி தள்ளிப்போகாது. திட்டத்தில் உள்ள ஆஸ்பத்திரியில் முன் அனுமதி வாங்கிய சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கேட்டால் 1800 425 3993இல் புகார் சொல்லலாம். அனுமதி இல்லாமல் அவசரப்பட்டுக் கட்டிய பணம் திரும்பி வருவது அரிது.

காப்பீடு கிடைத்த பிறகும் மீதி நிற்கிற செலவுக்குத்தான் வசூல். அது என்ன செலவு என்று வெளியே தெரிவதில்லை. வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட் வைப்பதை, அதாவது கதிர்வீச்சு சிகிச்சையை, எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் 30 முதல் 35 தடவை, வாரத்துக்கு 5 நாள், ஆறேழு வாரம். எண்ணூரிலிருந்து வரப் போக ஆட்டோவுக்கு 600 ரூபாய் என்றால் 33 நாளுக்கு 19,800. சாதாரணக் கட்டணப் பேருந்தில் துணைக்கு வரும் மனைவிக்கு டிக்கெட் இல்லை. ஆனால் மூன்றாவது வாரம் வாய் வெந்துபோய், எச்சில்கூட விழுங்க முடியாதவரைக் கூட்டத்தில் நிற்க வைக்க முடியாது. இருவருக்கும் கூலியும் இல்லை. மூக்குக் குழாய் வழியாகப் பால், முட்டை, கஞ்சி என்று சத்து இறங்க வேண்டும். எடை குறைந்தால், கரண்ட் வைக்கும்போது தலை அசையாமல் இருக்க முகத்துக்கு அச்செடுத்துப் போடும் முகமூடி லூசாகி மறுபடி அளவெடுக்க நேரும். கையில் காசில்லாமல் நாலு நாள் வராமல் விட்டால், அந்த இடைவெளியில் புற்றுநோய்ச் செல்கள் மறுபடி பெருகும். கரண்டின் பலன் குறையும். பஸ் காசு, ஆட்டோ காசு என்று இதை லேசாக நினைப்பது நர்ஸ் நேவிகேட்டர்களான எங்களுக்கு மனது ஆறாத விஷயம். மாத்திரையைப் போல இதுவும் சிகிச்சைச் செலவுதான்.

பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது என்பதில் கவனம் வேண்டும். குறைந்த ஆவணத்தில் திறந்த சிறு கணக்கில் ஆண்டுக்கு 1 லட்சம்தான் வரவு வைக்கலாம், இருப்பு 50,000 தாண்டக் கூடாது, மாதம் 10,000தான் எடுக்கலாம். அதில் வசூல் விழுந்தால் வேண்டிய நாளில் கைக்கு வராது. சொந்தக்காரர் அல்லாதவர்கள் தந்தது ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கேள்வியும் வரும். ஆகவே ஆஸ்பத்திரிச் செலவு நோயாளியின் பதிவு எண்ணுக்கே நேராகக் கட்டப்படட்டும். வழிச்செலவுக்கு மட்டும் முழு ஆவணம் கொடுத்த ஒரு கணக்கு போதும். நர்ஸ் ஒரு ரூபாயும் கையில் வாங்கக் கூடாது. ஜிபேயும் கூடாது.

வேண்டுகோள் இப்படிச் சின்னதாக இருந்தால் போதும்: "எண்ணூரைச் சேர்ந்த 46 வயது லோடுமேன். சிகிச்சைக்குக் காப்பீடு உண்டு. 33 நாள் வழிச்செலவு 19,800, சத்துணவு 9,000, மொத்தம் 28,800 ரூபாய். தொகை சேர்ந்ததும் இதே குரூப்பில் நிறுத்தச் சொல்வோம். மீதமானால் செக்கப்புக்கு வைத்துக்கொள்வார்." முகம் வேண்டாம், ஆதார் வேண்டவே வேண்டாம். போட்டோவை எடுத்து க்யூஆர் கோடை மட்டும் மாற்றிப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். முக்கியமாக, நோயாளியிடம் சம்மதம் எழுதி வாங்குங்கள். தனக்கு என்ன நோய் என்று வீட்டார் மறைத்ததை ஒருவர் வாட்ஸ்அப்பில் படித்துத் தெரிந்துகொள்வது கொடுமை.

எப்போது கேட்பது என்பதும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. காசிமேட்டில் அப்போது வீட்டுக்கு வீடு முடை. அந்த நாட்களில் பள்ளிவாசல் ஜமாத், சர்ச் வின்சென்ட் தே பால் சபை, மகளிர் குழு, ஆட்டோ ஸ்டாண்டு சங்கம் என்று வேறு பக்கம் போக வேண்டும். ஸ்டாண்டில் காசாகக் கேட்பதைவிட ஆளுக்கு ஒரு நாள் சவாரி கேட்டால் சட்டென்று தருவார்கள்.

கேரம் கிளப், ஃபுட்பால் டீம் பசங்க ரத்தம் கொடுக்க ஓடி வருவார்கள். பத்துப் பேரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டால் அடுத்த 90 நாளுக்கு அவர்களில் யாரும் கொடுக்க முடியாது. ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களை எடுத்து வைத்தால் 5 நாள்தான் தாங்கும். கீமோ போட்டு ஒன்று இரண்டு வாரத்தில் கவுன்ட் (ரத்த அணுக்களின் எண்ணிக்கை) இறங்கும் நாட்களைக் காலண்டரில் குறித்து, ஆளைப் பிரித்து வையுங்கள். அதே நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் இரவானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். அதற்கென்று 2,000 ரூபாய் தனியாக வீட்டில் இருக்கட்டும்.

கரண்ட் முடிந்ததும் வசூல் குரூப் கலைந்துவிடும். ஆனால் முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப் உண்டு. அந்த வழிச்செலவை முதல் எஸ்டிமேட்டிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள்.