ஏரியைத் தோண்டுமுன் ஒரு பிடி மண்ணைப் பிசைந்து பாருங்கள்

மண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் கேட்பதெல்லாம் தழை, மணி, சாம்பல் சத்து எவ்வளவு இருக்கிறது என்றுதான். ரிப்போர்ட்டில் ‘மண் நயம்’ என்று ஒரு வரி இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. மணல் எத்தனை பங்கு, மணலைவிட நைசாகவும் களியைவிடப் பருமனாகவும் இருக்கும் பொடிமண் எத்தனை, களி எத்தனை என்பதுதான் நயம். தழைச்சத்து குறைந்தால் உரம் போட்டு ஏற்றிவிடலாம், நயத்தை அப்படி மாற்ற முடியாது. வயலைவிட ஏரிக்கு இது முக்கியம் என்று எனக்கு உறைத்தது, நானே ஒரு தடவை சறுக்கிய பிறகுதான்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் ஒரு சின்ன ஏரி. ஊர்க்காரர்களே பணம் போட்டுத் தூர்வாரினார்கள். அள்ளுகிற மண் வயலுக்கு ஆகுமா என்று மட்டும் என்னிடம் கேட்டார்கள். கொண்டுவந்த வண்டலைப் பார்த்துவிட்டு, “தங்கம் மாதிரி இருக்குங்க, அள்ளுங்க” என்றேன். எவ்வளவு ஆழம் அள்ளப் போகிறார்கள் என்று கேட்கவில்லை. பொக்லைன்காரர் வஞ்சனை இல்லாமல் தோண்டினார். மேல் வண்டல் போய், அடியில் கருநீலமாக இறுகிக் கிடந்த களியும் போய், சில இடத்தில் பருமணல் வெளியே தெரிந்தது. ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. வழக்கமாக மாசி கடைசி வரை நிற்கும் தண்ணீர், அந்த வருஷம் பொங்கலுக்கே தரை தட்டிவிட்டது. கீழே கிணறு வைத்திருந்தவர்களுக்குச் சந்தோஷம், ஊற்று ஏறியிருந்தது. மதகுப் பாசனத்தை நம்பி நட்டவர்கள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

சேர்வராயன் மலை சார்னோகைட் பாறை. அது மக்கும்போது அதிலுள்ள குவார்ட்ஸ் என்ற கனிமம் மணலாக நிற்கிறது, ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் களியாகிறது. ஓடை இரண்டையும் சேர்த்தே இறக்கிக்கொண்டு வரும். ஏரிக்குள் நுழைந்து வேகம் தணிந்ததும் மணல் வாய்க்கால் முகத்திலேயே உட்கார்ந்துவிடும். களி அப்படியல்ல. அசையாத தண்ணீரில்கூட 2 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு) களித்துகள் 10 சென்டிமீட்டர் இறங்க ஏறக்குறைய 8 மணி நேரம் ஆகும். அதனால் அது ஆழமான பக்கம் போய்த்தான் படியும். பல தலைமுறையாக அப்படிப் படிந்த அடிக்களிதான் தண்ணீர் கீழே இறங்காமல் காக்கும் ஏரியின் பூச்சு. அதைத்தான் நாங்கள் டிப்பரில் ஏற்றி அனுப்பினோம்.

ஒரே ஏரியில் மூன்று மண் இருப்பதால் குடியிருப்பவர்களும் வேறு வேறு. சரளையும் மணலுமான மேட்டில் ஆள்காட்டிப் பறவை முட்டையிடும். உள்ளான் அலகை விட்டுப் புழு தேட இளகிய சேறு வேண்டும், கோரைக்கும் அதுதான் பிடிக்கும். மீன்கொத்தி கரையில் வளை குடைகிற பறவை. வெறும் மணல் என்றால் வளை சரியும், இறுகிய களி என்றால் அலகு இறங்காது, இரண்டும் கலந்த செங்குத்துக் கரைதான் அதற்குச் சரி. ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று கரை முழுக்கக் கல் பதித்து மேலே நடைபாதை போட்டால் மீன்கொத்தி எங்கே போகும்? நடைப்பயிற்சி எனக்கும் வேண்டும்தான். ஒரு பக்கக் கரையையாவது மண்ணாக விடலாமே.

சேலம் கன்னங்குறிச்சி மூக்கனேரியில் தூர்மண்ணை ஏரிக்குள்ளேயே தீவுகளாகக் குவித்து மரம் நட்டார்கள். நல்ல யோசனை. ஆனால் பொடிமண்ணுக்கு ஒட்டும் குணம் குறைவு, வேர் பிடிக்காவிட்டால் அடித்த மழைக்குக் கரைந்து மறுபடி ஏரிக்கே வந்துவிடும்.

ஏற்காட்டில் வேறு சிக்கல். மலைச் செம்மண்ணை முதலில் தொட்டால் மணல் மாதிரி நறநறக்கும். ஈரம் தெளித்து ஐந்து நிமிஷம் விடாமல் பிசைந்தால் களியாகிவிடும். இரும்பு ஆக்சைடு களித்துகள்களை உருண்டையாகப் பிடித்து வைத்திருப்பதால் வரும் ஏமாற்று இது. மணல்தானே என்று சரிவை வெட்டிப் பாதை போட்டால், மழையில் அந்தக் களி ஏரியைச் சிவப்பாக்கும். தோட்டத்தில் போட்ட மணிச்சத்தும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். ஏரி அடியில் பிராணவாயு குறைந்தால் இரும்பு அந்தச் சத்தை விட்டுவிடும், அப்புறம் பாசிக்குக் கொண்டாட்டம்.

வண்டல் எடுக்க நினைப்பவர்களுக்கு அரசு விதிப்படி நன்செய் ஏக்கருக்கு 75 கன மீட்டர், புன்செய்க்கு 90 கன மீட்டர் வரை இலவசம். 2024 முதல் தாசில்தாரே அனுமதி தரலாம். அனுமதி கையில் வந்ததும் ஏரியில் நாலைந்து இடத்தில் கடப்பாரையால் குழி போட்டு, அடிக்கு அடி மண் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதித் தண்ணீர், ஒரு ஸ்பூன் சோப்புத்தூள் போட்டு நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிஷத்தில் படிவது மணல், இரண்டு மணி நேரத்துக்குள் அதன்மேல் படிவது பொடிமண், அடுத்த ஓரிரு நாளில் படிவது களி. இறுகிய களி எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ அதற்கு ஓரடி மேலேயே பொக்லைனை நிறுத்தச் சொல்லுங்கள். கரையடியில் கை வைக்கவே வேண்டாம்.

அந்த அடிவார ஏரிக்குப் போன மாதம் போயிருந்தேன். தோண்டி ஐந்து மழைக்காலம் ஆகிவிட்டது. குழிக்குள் இறங்கி மணலுக்கு மேலே படிந்திருந்த களியை அளந்து பார்த்தேன். ஒரு விரற்கடைகூட இல்லை.